பத்து வருஷம் தள்ளிப்போன முதல் எபிசோடு

(பாட்காஸ்ட் பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

இன்றைய எபிசோடு ஒரு டிவி சீரியலைப் பற்றியது. வரலாறு பேசற இடத்துல சீரியலுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். ஒரு ராணுவ அரசாங்கம் முதல் நாளிலேயே தடுத்து நிறுத்திய சீரியல் இது. அந்த அரசாங்கம் பதவியை விட்டு இறங்கிய மூன்றே மாதத்தில் திரைக்கு வந்து, நாட்டையே டிவி முன்னால் உட்கார வைத்த சீரியல். இடைப்பட்ட பத்து வருஷத்தில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய கதை.

நாடு பிரேசில். மொழி போர்த்துகீசியம். தேதி 1975 ஆகஸ்ட் 27.

அன்று மாலை பிரேசில் வீடுகளில் டிவி குளோபோ ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஜோர்னால் நசியொனால்' என்ற தேசியச் செய்தி முடிந்ததும் எட்டு மணித் தொடர் வரும். அன்றைக்குப் புதுத் தொடர் ஆரம்பம். பெயர் 'ரோக்கே சான்டெய்ரோ'. பல வாரங்களாக விளம்பரம் போயிருக்கிறது. முப்பது எபிசோடு அளவுக்குப் படம் பிடித்தும் முடித்தாயிற்று. எட்டு மணித் தொடர்களில் முதன்முதலாகக் கலரில் வரப்போவது வேறு.

செய்தி வாசிப்பவர் சிட் மொரெய்ரா. அந்தக் குரலைத் தெரியாத பிரேசிலியர் அன்று கிடையாது. அவர் ஒரு அறிக்கையை வாசித்தார். தொடரை ஒளிபரப்பத் தணிக்கைத் துறை தடை விதித்துவிட்டது. ஒழுக்கத்துக்கு விரோதம், பொது ஒழுங்குக்கு விரோதம், திருச்சபையைக் கேலி செய்கிறது என்பவை காரணங்கள். அதனால் இன்று தொடர் கிடையாது. பதிலுக்கு, மூன்று வருஷம் முன்பு ஓடிய 'செல்வா டி பெட்ரா' தொடரின் சுருக்கப் பதிப்பைக் காட்டப்போகிறோம். விஷயம் அவ்வளவுதான்.

இதில் எனக்கு முதலில் உறுத்திய கேள்வி ஒன்று. பத்துக் கோடிக்கும் மேல் மக்கள், பெரிய ராணுவம், எதிர்ப்பவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்யத் தயங்காத அரசு. இவ்வளவும் கையில் இருக்கிறவங்க ஒரு குடும்பத் தொடரைப் பார்த்து ஏன் பயப்படணும்? அதைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சோப்பு விற்க வந்த கதை

முதலில் ஒரு சொல். போர்த்துகீசியத்தில் தொடர்களை 'நொவேலா' என்பார்கள். நாம் படிக்கிற நாவலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரொமான்ஸ்'. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரேசிலில் நொவேலா முதலில் வானொலியில்தான் வந்தது. 1941-ல் ரேடியோ நசியொனால் ஒரு கியூபா எழுத்தாளரின் கதையைத் தழுவித் தொடர் நாடகம் ஒலிபரப்பியது. காசு கொடுத்தது கோல்கேட் நிறுவனம். பற்பசை, சோப்பு வாங்குகிற வீட்டுப் பெண்களைக் குறிவைத்து அமெரிக்காவில் செய்த அதே வேலை, கியூபா வழியாகப் பிரேசிலுக்கு வந்து சேர்ந்தது.

1950 செப்டம்பரில் சாவோ பாவ்லோ நகரில் டிவி டூப்பி தொடங்கியது. அடுத்த வருஷமே, 1951 டிசம்பரில், முதல் டிவி நொவேலா வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டே நாள். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. வீடியோ டேப் வந்த பிறகுதான், 1963-ல் எக்செல்சியர் சேனலில் தினசரித் தொடர் சாத்தியமானது. அதற்கடுத்த வருஷம் கியூபாவின் 'பிறக்கும் உரிமை' என்ற வானொலிக் கதையை டூப்பி எடுத்தது. அது 1965 ஆகஸ்டில் முடிந்தபோது சாவோ பாவ்லோவிலும் ரியோவிலும் உள்விளையாட்டு அரங்கங்களில் விழா எடுத்தார்கள். நடிகர்களைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. விளையாட்டு அரங்கம் நிரம்ப ஆள் சேர்ந்தால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எல்லாச் சேனலும் நொவேலாவுக்குள் இறங்கியது.

அந்தக் காலத்துக் கதைகள் எப்படி இருக்கும் தெரியுமா? பாலைவனத்து ஷேக், ரஷ்ய இளவரசி, கோட்டை, வாள் சண்டை. பிரேசில் வாசனையே இருக்காது. குளோபோ சேனலில் நொவேலாப் பிரிவைக் கையில் வைத்திருந்தவர் கியூபாவிலிருந்து வந்த குளோரியா மகதான். அவருக்கு அதுதான் பிடிக்கும். 1967-ல் அப்படி ஒரு கதை கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதியவருக்கே புரியாத நிலைக்கு வந்தது. காப்பாற்ற ஒரு பெண் எழுத்தாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, கதையில் ஒரு பூகம்பம் வரவழைத்து, பெரும்பாலான பாத்திரங்களை ஒரே அடியில் கொன்றுவிட்டு, மிச்சம் இருந்தவர்களை வைத்துக் கதையைப் புதிதாகத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் பெயர் ஜானெட் கிளேர். பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

1968-ல் டூப்பி சேனல் 'பெட்டோ ராக்ஃபெல்லர்' என்ற தொடரைக் கொண்டுவந்தது. கதாநாயகன் ஒரு செருப்புக் கடை விற்பனையாளன். பணக்காரன் போல நடித்து மேல்தட்டு வீடுகளுக்குள் நுழைகிறான். பேச்சு தெருவில் பேசுகிற பேச்சு. கதை நடப்பது சாவோ பாவ்லோவில், அதே வருஷத்தில். அதற்குப் பிறகு ஷேக்கும் இளவரசியும் எடுபடவில்லை. நொவேலா என்றால் பிரேசில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் இடம் என்றாகிவிட்டது. ஒரு ராணுவ அரசுக்கு இது நல்ல சேதி இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். வருஷக்கணக்கில் ஓடும் சீரியல்களுக்குப் பழகிய நமக்கு இது வித்தியாசமாக இருக்கும். பிரேசில் நொவேலா ஆறிலிருந்து எட்டு மாதத்தில் முடிந்துவிடும். வாரத்தில் ஆறு நாள், மொத்தம் நூற்றைம்பது, இருநூறு எபிசோடு. முடிவு என்று ஒன்று உண்டு. அதோடு, எழுதிக்கொண்டே இருக்கும்போது ஒளிபரப்பும் நடந்துகொண்டிருக்கும். ஜனங்களுக்கு ஒரு பாத்திரம் பிடித்துப்போனால் அது வளரும், பிடிக்காவிட்டால் ஊரைவிட்டுப் போகும். அதனால் எழுதுகிறவருக்கு அங்கே சினிமா இயக்குநருக்கு நிகரான மதிப்பு.

ஒரே வீட்டில் இரண்டு பேனா

ஜானெட் கிளேர் வானொலிக்காரர். இளம் வயதில் சாவோ பாவ்லோ வானொலியில் நடிக்க வந்தவர். அங்கேதான் டியாஸ் கோமெஸைச் சந்தித்தார். 1950-ல் கல்யாணம்.

டியாஸ் கோமெஸ் பாயியா மாநிலத்துக்காரர், நாடக ஆசிரியர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். நேர்த்திக்கடனுக்காகச் சிலுவையைச் சுமந்து நடந்து வரும் ஓர் ஏழை விவசாயியை, கோவில் வாசலில் பாதிரியார் உள்ளே விட மறுக்கிறார். அவர் எழுதிய அந்த நாடகம் படமாகி, 1962-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வாங்கியது.

இரண்டு வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டியாஸ் கோமெஸுக்கு ரேடியோ நசியொனாலில் இருந்த வேலை போனது. நாடகங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை. வீட்டைக் காப்பாற்றியது மனைவியின் பேனா. ஜானெட் எழுதிய தொடர்கள் வெற்றி மேல் வெற்றி. 1970-ல் 'இர்மாவ்ஸ் கொராஜெம்', 1972-ல் 'செல்வா டி பெட்ரா'. எட்டு மணி நேரம் அவருடையது என்பதால் 'எட்டு மணி மாதா' என்றே அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் டியாஸ் கோமெஸும் 1969-ல் குளோபோவுக்கு எழுத வந்தார். முதல் தொடரில் சொந்தப் பெயர் போடவில்லை. ஒரு பெண்ணின் புனைபெயர்தான். மேடையில் சீரியஸ் நாடகம் போட்டவருக்கு டிவி நொவேலா எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று இடதுசாரி நண்பர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர் வேறு மாதிரி கணக்குப் போட்டார். தன் நாடகங்கள் பேச நினைத்தது சாதாரண ஜனத்திடம். அவர்களோ தியேட்டருக்கு வருவதில்லை. அவர்கள் உட்கார்ந்திருப்பது டிவி முன்னால்.

1973-ல் அவர் எழுதிய 'ஓ பெம் அமாடோ'தான் பிரேசிலின் முதல் கலர் நொவேலா. ஒரு சின்ன ஊரின் மேயர், ஊருக்குச் சுடுகாடு கட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயிக்கிறார். கட்டியும் விட்டார். திறப்பு விழா நடத்த ஒரு பிணம் வேண்டும், ஊரில் ஒருத்தரும் சாகமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் அந்தச் சுடுகாட்டில் முதலில் புதைக்கப்படுவது மேயரேதான். தணிக்கைக்காரர்கள் இதை விட்டுவிட்டார்கள். ஆனால் 'கர்னல்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பிரேசிலின் வடகிழக்கில் பெரிய நிலக்கிழார்களை ஜனங்கள் காலங்காலமாகக் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்துக்கு அது உறைத்திருக்கிறது. சொல்லை எடுத்தார்கள், கிண்டலை எடுக்க முடியவில்லை.

பொய்யை நம்பி வளர்ந்த ஊர்

இப்போது ரோக்கே சான்டெய்ரோ கதைக்கு வரலாம்.

ஆசா பிராங்கா என்று ஒரு கற்பனை ஊர். 'சான்டெய்ரோ' என்றால் புனிதர்களின் சுரூபங்களைச் செய்கிறவன். ரோக்கே அந்த ஊரில் சுரூபம் செய்கிற இளைஞன். கொள்ளைக்கூட்டம் ஊருக்குள் புகுந்தபோது எதிர்த்து நின்று உயிரை விட்டான் என்று ஊரே நம்புகிறது. அவன் பெயரில் அற்புதம் நடக்கிறது. யாத்ரீகர்கள் வருகிறார்கள். பதக்கம் விற்கிறவன் பணக்காரனாகிறான், மேயருக்குப் பதவி, பாதிரியாருக்குக் கூட்டம். ஊரின் பெரிய பண்ணையார் சின்யோசின்யோ மால்ட்டா. அந்தப் பெயருக்கே 'சின்ன எசமான்' என்றுதான் அர்த்தம். அவருடைய காதலி போர்சினா. அவளை ரோக்கேயின் விதவை என்று ஊருக்கு அறிமுகப்படுத்தி வைத்தவரும் அவரே. போர்சினா ரோக்கேயைக் கல்யாணமே செய்துகொண்டதில்லை. கல்யாணமே ஆகாமல் விதவையானவள்.

பதினேழு வருஷம் கழித்து, ரோக்கே உயிரோடு ஊருக்குத் திரும்பி வருகிறான்.

சிரிப்பும் காதலும் குடும்பச் சண்டையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது: ஒரு ஊரே பொய்யால் பிழைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மை நடந்து வந்து வாசலில் நின்றால் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியை டியாஸ் கோமெஸ் முதலில் கேட்டது நாடகத்தில். அந்த நாடகத்தின் பெயர் 'நாயகனின் தொட்டில்'. அதில் ரோக்கே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போன ஒரு பிரேசில் ராணுவச் சிப்பாய். வீரமரணம் அடைந்தான் என்று ஊரில் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் அவன் போர்க்களத்திலிருந்து ஓடிப்போனவன், உயிரோடு இருக்கிறான். ராணுவம் ஆளும் நாட்டில் இந்தக் கதை எப்படி ஓடும்? 1965-ல் அரங்கேற வேண்டிய நாளிலேயே தடை.

பத்து வருஷம் கழித்து, சிப்பாயை எடுத்துவிட்டு சுரூபம் செய்கிறவனை வைத்தார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றினார். தணிக்கைக்கு அனுப்பினார். அவர்களுக்கு முதலில் பிடிபடவில்லை. மாட்டிக்கொடுத்தது ஒரு டெலிபோன். வரலாற்று ஆசிரியர் நெல்சன் வெர்னெக் சொட்ரேயிடம் பேசும்போது, இது அந்தத் தடை செய்யப்பட்ட நாடகம்தான், வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறேன் என்ற பொருளில் டியாஸ் கோமெஸ் சொல்லிவிட்டார். அந்தத் தொலைபேசியை ராணுவ அரசு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

யோசிச்சுப் பாருங்க. தணிக்கை அதிகாரிகள் காகிதத்தில் படித்துக் கண்டுபிடிக்காத ஒன்றை, எழுதியவரே ஒரு நண்பரிடம் சந்தோஷத்தில் சொன்ன ஒரு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. அவர்கள் சீரியலைப் பார்த்துப் பயப்படவில்லை. 'நாயகன் என்று நாம் கொண்டாடுவது நிஜமா?' என்ற கேள்வியைக் கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில், தினமும் இரவு எட்டு மணிக்கு, எட்டு மாதம் கேட்டுக்கொள்வதைப் பார்த்துப் பயந்தார்கள்.

மனைவி எழுதிய பதில்

தடை வந்த அன்று குளோபோவிடம் நடிகர்கள் இருந்தார்கள், கேமரா இருந்தது, விளம்பரதாரர்கள் இருந்தார்கள். கதைதான் இல்லை. பழைய தொடரின் சுருக்கத்தை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஜானெட் கிளேர் அப்போது ஏழு மணித் தொடர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அதை கில்பெர்த்தோ பிராகா என்ற இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, கணவரின் தொடர் விட்டுப்போன பள்ளத்தை நிரப்ப உட்கார்ந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 24-ல் புதுத் தொடர் ஆரம்பம். பெயர் 'பெகாடோ கபிடால்'. கத்தோலிக்க மறைக்கல்வியில் 'தலையான பாவம்' என்று சொல்வார்களே, அது. கபிடால் என்றால் முதலீடு, மூலதனம் என்றும் பொருள். இரட்டை அர்த்தம்.

ரோக்கேயாக நடிக்க வேண்டிய பிரான்சிஸ்கோ குவோக்கோ இதில் கார்லாவ் என்ற டாக்சி டிரைவர். வங்கியைக் கொள்ளையடித்தவர்கள் ஒரு பெட்டிப் பணத்தை அவன் டாக்சியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? போர்சினாவாக நடிக்க வேண்டிய பெட்டி ஃபாரியா இதில் அவன் காதலி லுசின்யா. ஆலைத் தொழிலாளி, மாடலாக மேலே வருகிறாள். பண்ணையார் மால்ட்டாவாக நடிக்க வேண்டிய லிமா துவார்த்தே, அந்த ஆலையின் முதலாளி. மனைவியை இழந்தவர், வளர்ந்த பிள்ளைகளின் அப்பா. அந்தப் பெண்ணை நேசிக்கத் தொடங்குகிறார். வீட்டில் புயல்.

ஜானெட்டை விமர்சகர்கள் கனவு விற்பவர் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். இந்தத் தொடரில் அவர் கனவு விற்கவில்லை. கதாநாயகன் கார்லாவ் கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகிறான். ரியோவில் அப்போது மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நடக்கும் இடத்தில், பணப்பெட்டியோடு விழுகிறான். ராணுவ அரசு 'பொருளாதார அற்புதம்' என்று மார்தட்டிக்கொண்டிருந்த நாட்டில், அந்த அற்புதத்தின் குழிக்குள்ளேயே ஒரு ஏழை டிரைவர் செத்துக் கிடக்கிறான். ஒரு அதிகாரியும் இதைத் தடுக்கவில்லை. காதல் கதைதானே என்று விட்டுவிட்டார்கள்.

எட்டு மணித் தொடர்களில் முதன்முதலில் கலரில் வந்த பெருமையும் இதற்கே போனது. கணவரின் தொடரைத் தடை செய்தவர்களுக்கு மனைவி சொன்ன பதில் இது என்று நான் படிக்கிறேன். அவர் அப்படி நினைத்து எழுதினாரா, வேலையை முடிக்க எழுதினாரா என்பது வேறு. பதில் பதில்தான்.

செய்தியும் கதையும்

இங்கே குளோபோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் கதை ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். குளோபோ ராணுவ அரசுக்கு எதிரி இல்லை, நேர் எதிர். உரிமையாளர் ரொபெர்த்தோ மரீன்யோவின் நாளிதழ் 1964 ஆட்சிக்கவிழ்ப்பை வரவேற்றது. 1965-ல் தொடங்கிய டிவி, அரசு அமைத்த மைக்ரோவேவ் தொடர்பு வசதியால் நாடு முழுக்கப் பரவியது. 1969-ல் ஆரம்பித்த தேசியச் செய்தி, நாட்டின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டியது. அந்த நாளிதழே 2013-ல், 1964-ல் நாங்கள் எடுத்த நிலை தவறு என்று எழுதியது.

குளோபோவின் மாலை வரிசையைப் பாருங்க. ஏழு மணிக்கு ஒரு தொடர், நடுவில் செய்தி, எட்டு மணிக்கு இன்னொரு தொடர். தொடருக்காக உட்கார்ந்தவர்கள் செய்தியையும் பார்ப்பார்கள் என்று போட்ட கணக்கு. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. ஊழல், நில அபகரிப்பு, போலி பக்தி, அதிகாரத் திமிர் எல்லாம் செய்தியில் இல்லை, தொடரில் இருந்தது. 1984 ஜனவரி 25-ல் நேரடி அதிபர் தேர்தல் கேட்டு சாவோ பாவ்லோவில் பெருங்கூட்டம் திரண்டது. குளோபோ செய்தி அதை நகரத்தின் பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு சேர்த்துச் சொன்னது. அதே சேனல் அடுத்த வருஷம் ரோக்கே சான்டெய்ரோவை ஒளிபரப்பியது.

1985 மார்ச்சில் 21 வருஷ ராணுவ ஆட்சி முடிந்தது. அதிபராகத் தேர்வான டாங்கிரேடோ நெவெஸ், பதவியேற்பதற்கு முந்தைய இரவு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, ஏப்ரல் 21-ல் இறந்துபோனார். துணை அதிபர் ஜோசே சார்னே பதவிக்கு வந்தார். பதவியேற்காமலே இறந்த தலைவரைத் தெருத்தெருவாக நின்று அழுது வழியனுப்பிய நாடு அது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 24-ல், இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு புனிதன் உயிரோடு திரும்பி வரும் கதை டிவியில் ஆரம்பித்தது.

லிமா துவார்த்தே பத்து வருஷம் முன்பு ஏற்ற அதே பண்ணையார் வேடத்தில் வந்தார். ரோக்கே பாத்திரம் ஜோசே வில்க்கருக்கு. போர்சினாவாக ரெஜினா துவார்த்தே. அதுவரை நாட்டின் செல்லக் காதலியாகச் சாதுவான வேடங்களில் நடித்தவர், இதில் பளபளக்கும் உடையும் உரத்த குரலுமாக வந்து எல்லாரையும் அசரவைத்தார். கதையில் இரண்டு பாதிரியார்கள்: ஒருவர் பழமைவாதி, இன்னொருவர் ஏழைகள் பக்கம் நிற்கும் விடுதலை இறையியல்காரர். அன்றைய பிரேசில் திருச்சபைக்குள் நிஜமாக நடந்த சண்டை அது. எழுத்தின் பெரும்பகுதியைச் செய்தவர் அகினால்டோ சில்வா. முடிவை எழுத டியாஸ் கோமெஸே திரும்பி வந்தார்.

முடிவு என்ன? உண்மை ஜெயிக்கவில்லை. 1986 பிப்ரவரியில் வந்த கடைசி எபிசோடில் ரோக்கே ஊரைவிட்டுப் போகிறான். விமானம் காத்திருக்கிறது. போர்சினா அவனோடு போகாமல் பண்ணையாரோடு தங்கிவிடுகிறாள். ஊர் தன் புனிதனைத் தொடர்ந்து கும்பிடுகிறது. வியாபாரம் தொடர்கிறது. ஜனநாயகம் வந்துவிட்டது என்று எல்லாரும் கொண்டாடிய வருஷத்தில், பழைய எசமான்கள் எங்கேயும் போகவில்லை என்று சொன்ன முடிவு அது. அதைத்தான் ஜனம் விரும்பிப் பார்த்தது. ஏமாந்தவர்களாக அல்ல, நமக்குத் தெரியாதா என்ற சிரிப்போடு பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஜானெட் கிளேர் இதைப் பார்க்கவில்லை. 1983 நவம்பரில் அவர் இறந்துவிட்டார்.

கடல் தாண்டிய பெயர்

போர்ச்சுகலுக்கு நொவேலா போய்ச் சேர்ந்தது 1977-ல். ஜோர்ஜே அமாடோவின் நாவலை வைத்து குளோபோ எடுத்த 'கப்ரியேலா' அங்கே முதலில் ஓடியது. சர்வாதிகாரம் கவிழ்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எம்.பி.க்கள் தொடரைப் பார்க்க நாடாளுமன்ற அமர்வையே நிறுத்திவைத்த கதையை அங்கே இன்றும் சொல்வார்கள். காலனி ஆதிக்கம் செய்த நாடு, தன் மொழியை முன்னாள் காலனியின் உச்சரிப்பில் தினமும் கேட்டது. சொந்தமாக ஒரு நொவேலா எடுக்கப் போர்ச்சுகலுக்கு 1982 வரை ஆனது.

ஆனால் எனக்குப் பிடித்தது அங்கோலா கதை. 1980-களில் அங்கோலாவில் உள்நாட்டுப் போர். அரசுக் கடைகளில் சரக்கு இல்லை. தலைநகர் லுவாண்டாவில், கடலை ஒட்டிய மேட்டில் ஒரு திறந்தவெளிச் சந்தை வளர்ந்தது. அரிசி, மருந்து, துணி, உதிரிபாகம், கிடைக்காத பொருளே இல்லை. போருக்குப் பயந்து கிராமத்தை விட்டு ஓடிவந்த பெண்கள் அங்கே உட்கார்ந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அந்தச் சந்தைக்கு ஜனங்களே வைத்த பெயர் 'ரோக்கே சான்டெய்ரோ'. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. 2010-ல் அரசாங்கம் அதை மூடி, நகருக்கு வெளியே பங்கிலாவுக்கு மாற்றத் தொடங்கியது. பிரேசில் ராணுவம் மறைக்க நினைத்த பெயரை, கடலுக்கு அந்தப் பக்கம் கால் நூற்றாண்டு காலம் தினமும் ஆயிரக்கணக்கான பேர் உச்சரித்தார்கள்.

காட்டாமல் விட்டது

பாராட்டிவிட்டு மட்டும் போகக் கூடாது. இந்தத் தொடர்கள் நாட்டின் கண்ணாடி என்று சொன்னால், அந்தக் கண்ணாடியில் பாதி நாடு தெரியவில்லை. 1969-ல் ஒரு கறுப்பின அடிமைக் கதையில், வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார். 1976-ல் உலகம் முழுக்க விற்ற 'அடிமை இசவ்ரா' தொடரின் நாயகி வெள்ளை நிற அடிமை. குளோபோ தொடர் ஒன்றில் கறுப்பினப் பெண் கதாநாயகியாக வந்தது 2004-ல்தான். நடிகை தாயிஸ் அராவ்ஜோ. முதல் டிவி நொவேலா வந்து ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இதையெல்லாம் தொகுத்து ஜோயல் சீட்டோ அராவ்ஜோ 2000-ல் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'பிரேசிலை மறுத்தல்'.

காட்டியதும் சும்மா போகவில்லை, காட்டாததும் சும்மா போகவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குளோபோ சிக்னல் எந்த ஊருக்கு எந்த வருஷம் போனது என்று கணக்கெடுத்து, அங்கே பிறப்பு விகிதம் என்ன ஆனது என்று ஒப்பிட்டார்கள். சிக்னல் போன இடங்களில் பிள்ளை பெறுவது குறைந்திருந்தது. தொடர்களில் வரும் குடும்பம் சின்னது. 50 வயதுக்குக் குறைந்த முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை. யாரும் 'குழந்தை வேண்டாம்' என்று வசனம் பேசவில்லை. இரவு இரவாகப் பார்த்த வாழ்க்கை, பார்த்தவர்களின் வாழ்க்கைக்குள் போய்விட்டது.

அரசின் தணிக்கை 1988 அக்டோபரில் வந்த புது அரசியல் சாசனத்தோடு முடிந்தது. அந்த மாதம் எட்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த தொடர் 'வாலே டூடோ'. எழுதியவர்களில் ஒருவர், 1975-ல் ஜானெட் கையிலிருந்து ஏழு மணித் தொடரை வாங்கிக்கொண்டாரே, அதே கில்பெர்த்தோ பிராகா. அகினால்டோ சில்வாவும் உண்டு. மகள் அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டுப் பணத்தோடு ரியோவுக்கு ஓடுகிறாள். அம்மா கடற்கரையில் சாண்ட்விச் விற்று எழுந்து நிற்கிறாள். இந்த நாட்டில் நேர்மையாக வாழ்ந்து பிரயோஜனம் உண்டா என்பதுதான் தொடரின் கேள்வி. கடைசியில் மோசடிக்காரன் ஒருவன் தனி விமானத்தில் தப்பித்துப் போகிறான். போகும்போது கீழே தெரியும் நாட்டைப் பார்த்துக் கையை மடக்கி ஆபாசமாகச் சைகை காட்டிவிட்டுப் போகிறான். அதை வெட்ட இப்போது யாரும் இல்லை.

எனக்கு இதில் நிற்கிற விஷயம் ஒன்றுதான். 1975-ல் அதிகாரிகள் சரியாகத்தான் கணித்தார்கள். ஒரு குடும்பக் கதைக்கு அந்தச் சக்தி உண்டு. அவர்கள் தப்புப் போட்டது ஒரே இடத்தில். ஒரு கதையை நிறுத்தினால் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தார்கள். மூன்று மாதத்தில் அது டாக்சியில் ஏறி வந்தது. பத்து வருஷத்தில் தன் சொந்தப் பெயரிலேயே வந்தது.

அடுத்த எபிசோடில், 2009-ல் குளோபோ இந்தியாவைக் கதைக்களமாக வைத்து எடுத்த தொடரைப் பற்றிப் பேசுவோம். ஜாதி தாண்டிய காதல், சர்வதேச எம்மி விருது, பிரேசில் தெருவெல்லாம் 'அரே பாபா'. நம்மைப் பற்றி அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு பார்க்கலாம்.